லோக்கல், ஆனால் நான்ஸ்டாப்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை.

விஷயம் உங்கள் மகனைப் பற்றியது. வெளிநாட்டுக்குப் போய் ஒரு வேலை தேடி வைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை என் மகளையும் அங்கே குடித்தனம் வைக்க அழைத்துப் போகிறார். போகட்டும் என்றுதான் இருந்தேன். நேற்று துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் பழைய விமான டிக்கெட் அகப்பட்டது. தேடவில்லை, அகப்பட்டது. முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் கண் சும்மா இருக்குமா? போகும்போது காலை ஒன்பது பத்துக்குக் கிளம்பி பத்து நாற்பதுக்கு இறங்கியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம். வரும்போது அதே ஒன்பது பத்துக்குக் கிளம்பி, மதியம் இரண்டு நாற்பதுக்கு இறங்கியிருக்கிறார். ஐந்தரை மணி நேரம்! தூரம் என்னவோ இரண்டு பக்கமும் அதே இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்தான். மிச்சம் நாலு மணி நேரம் உங்கள் பிள்ளை எங்கே இருந்தார்? நேரிலேயே கேட்டுவிட்டேன். "அங்க கடிகாரமே வேற மாமா" என்று சிரிக்கிறார். எனக்கா இந்தக் கதை? டீக்கடையில் அரை மணி உட்கார்ந்துவிட்டு வருகிற டிரைவர் ஒவ்வொருத்தனும் என்கிட்ட "வாட்ச் ஸ்லோ சார்"னு தலையைச் சொறிந்தவன்தான்.

சரி என்று விமானக் கம்பெனி ஆபீசுக்கே போனேன். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "அது லோக்கல் டைம் சார்"ங்குது. அப்படிச் சொல்லு! லோக்கல்னா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கத்தானே செய்யும்.

"வழியில எத்தனை ஸ்டாப்பும்மா?"

"நான்ஸ்டாப் சார்."

லோக்கலாம், ஆனால் நான்ஸ்டாப்பாம்! இப்படி ஒரு பொய்யை என் டிப்போவில் எவனும் துணிந்து சொன்னதில்லை சம்பந்தி. மாப்பிள்ளை அந்தப் பெண்ணையும் கைக்குள்ள போட்டு வெச்சிருக்காருன்னுதானே அர்த்தம்?

ஆகையால், அந்த நாலு மணி நேரத்துக்கு எழுத்தில் விளக்கம் வரும்வரை என் மகளை அனுப்புவதாக இல்லை. அவள் பெட்டி கட்டிவிட்டாள். சாவி என் பனியனுக்குள் இருக்கிறது.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு ஆசிகள். மாப்பிள்ளைக்கு உரிய ஆசி, விளக்கம் வந்தபின் அனுப்பப்படும்.

இப்படிக்கு,
அன்பும் சந்தேகமும் மாறாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறதாம். போவதும் வருவதும் மூன்றரை மணி நேரம்தானாம். காகிதத்தில் போட்டுக் காட்டினாள், சரியாகத்தான் வருகிறது. மாப்பிள்ளை தங்கமானவர். மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடுங்கள். சாவியையும் கொடுத்துவிட்டேன். கையோடு அவளுடைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தேன். அதில் போகிற நேரம் மட்டும்தான் போட்டிருக்கிறது, சம்பந்தி. திரும்பி வருகிற நேரத்தைக் காணோம். அச்சடித்தவன் விட்டுவிட்டான் போலிருக்கிறது. மாப்பிள்ளையிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.