கைவண்ணர் குலங்காத்த படலம்

வாழிய ஹோய்ட் பிளெட்சோ. ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், நிலக்கடலை வயல்களுக்கும் பைன் மரத் தோப்புக்கும் நடுவே, இக்கரையில் இருமினால் அக்கரையில் கேட்கும் ஒரு குளத்தின் ஏகசக்கராதிபதியும், நழுவும் காற்சட்டையை இரு தோள்வார்களால் தாங்கி நிற்கும் தகைசால் பெருமானும், கடலை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதலாய் மனிதர் எவருக்கும் தலைவணங்காது மீன்களுக்கு மட்டும் காலையும் மாலையும் குனிந்து தீனி இடுபவருமாகிய அவர்தம் புகழ், அக்குளம் வற்றும்வரை நிற்பதாக.

அவர் வளர்த்தவை வெறும் நீலச்செவுள் மீன்கள் அல்ல. வெறும் நீலச்செவுள் அந்த நாட்டில் ஓடைதோறும் உண்டு. புழுவைப் போட்டால் வரும், சோளமாவில் புரட்டி வறுத்தால் தீரும். ஹோய்ட் வளர்த்தவையோ அப்பலாச்சிக்கோலா ஆற்றுப் பக்கத்துக்கே உரிய அரியவகை. யாரோ சாயத்தில் விரல்களைத் தோய்த்து, விலாவின் இருபுறமும் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டது போன்ற பட்டைகளும், அந்திவானத்தின் ஓரத்தைக் கிழித்து ஒட்டவைத்தது போன்ற செவ்வாலும், தொழில் இல்லாத ஜமீன்தாரின் தோரணையும் கொண்ட கைவண்ணர் குலம் அது. ஆற்றுக் கிளைகள்தோறும் அலைந்து, பனிப்பெட்டியில் நீர் நிரப்பிக் காற்றுக்குழாய் செருகி, தம் மடியில் வைத்தே அவற்றின் மூதாதையரைக் கொணர்ந்தார் ஹோய்ட். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலய வாசலில் நின்று அக்குலத்தின் பெருமையை அவர் தொடங்குவார். கேட்பவர், வீட்டில் வறுத்த கோழி ஆறுகிறது என்று சொல்லி நழுவுவார்.

இத்தகு குலத்தில் களங்கம் புகுந்தது பகைவனால் அன்று, மைத்துனனால்.

மனைவி வெர்னாவின் தம்பி டூயி, ஓடையில் மீன்பிடித்துத் திரும்பும் வழியில், வாளியில் ஒரு மீன் மட்டும் மிஞ்சிக் கிடக்கக் கண்டான். அன்பு மேலிட்டது. அக்காள் கணவனின் குளமோ போகிற வழியில் இருந்தது. மறுநாள் தேநீர் அருந்த வந்தவன், நன்றியை எதிர்பார்க்கும் முகத்தோடு, அச்செயலைத் தானாகவே சொன்னான்.

“கையகலம்தான் இருந்துச்சு மச்சான். என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சரி, சொந்தக்காரங்களோட போய் இருக்கட்டும்னு உன் குளத்துல விட்டுட்டேன்.”

ஹோய்ட் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். மே மாதத்துப் பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே இம்மீன்கள் கூடு கட்டி முட்டையிடும். அதற்குள் அந்த ஒற்றை ஓடைமீனை அகற்றாவிட்டால், இரு வித்தும் கலந்து, பிறக்கும் குஞ்சுகளில் எது அரசகுலம் எது ஓடைக்குலம் என்று படைத்த பிரம்மனும் திகைப்பான். குளத்தை வடித்தால் எல்லாம் சாகும். மருந்து கலந்தாலும் எல்லாம் சாகும். பல்லாண்டுத் தவம் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்தது என்று ஹோய்ட் புலம்பியதைக் கேட்டு, வெர்னா பீன்ஸ் நார் உரிப்பதை நிறுத்தாமலே வினவினாள்.

“குலம் குலம்னு குதிக்கிறியே ஹோய்ட், உன் தாத்தாவோட அப்பன் எந்தக் கப்பல்ல வந்து இறங்கினான்னு உனக்குத் தெரியுமா?”

அது வேறு விஷயம் என்றார் ஹோய்ட். எவ்வாறு வேறு என்பதை அவர் விளக்கவில்லை.

போர் தொடங்கிற்று. பகைவனின் அடையாளம் தெளிவானது: பட்டை இல்லை, வால் சிவக்கவில்லை, தோரணை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மூங்கில் தூண்டிலை வேலென ஏந்தி, இரைக்கான சிள்வண்டுக் கூண்டை அம்பறாத்தூணியென இடையில் கட்டி, பறவை எச்சம் படிந்த படித்துறையில் ஹோய்ட் சென்று நின்ற காட்சியைக் கண்டு தவளைகள் நீருள் பாய்ந்தன. அவர் எறிந்த சிள்வண்டு நீரைத் தொடுமுன் ஆயிரம் குதிரைகள் ஒருங்கே பாய்ந்ததுபோல் பாய்ந்தவை யாவும் அவருடைய சொந்த மீன்கள். அவர் கையால் உண்டு வளர்ந்து, அவர் நிழல் கண்டாலே வாய் பிளக்கப் பழகிய கைவண்ணர்கள். இளவரசர்கள் மாட்டினர். தளபதிகள் மாட்டினர். பட்டத்தரசியும் மாட்டினாள். ஒவ்வொருவரின் உதட்டிலிருந்தும் முள்ளைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு, இரு கையாலும் நீரில் இறக்கிவிட்டார் ஹோய்ட். ஒரு பெருமீன் உதட்டுப் புண் ஆறுமுன்பே மறுபடியும் வந்து மாட்டியது. அதன் வீரத்தை அவர் மெச்சினார், அறிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் ஓடைமீன் சற்றுத் தள்ளி நின்று, தேர்த்திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரன்போல் வேடிக்கை பார்த்தது.

அடுத்துக் கம்பிவலைப் பொறி வைத்தார். அதற்குள் ஒரு கடியாமை புகுந்து, இருந்த ரொட்டியைத் தின்று, கம்பியைக் கிழித்து, அவசரம் ஏதுமின்றி வெளியேறிற்று.

பௌர்ணமி வந்தது. மறுநாள் காலை, வெயில் தரைவரை எட்டும் ஆழமில்லா நீரில், பந்தியில் விரித்த தட்டுகள்போல் வட்ட வட்டமாகக் கூடுகள் விளங்கின. தட்டுக்கொரு தந்தை, ஒவ்வொருவரும் வாலால் மணலை விசிறிக் காவல் நின்றனர். ஓரத்துக் கூடுகளைக் கெளுத்தியும் நத்தையும் முதலில் கொள்ளையிடும் ஆதலால், நடுக்கூடே அரசனுக்குரிய அரியணை. அந்த அரியணையில், நாற்புறமும் கைவண்ணர் சூழ, ஓடைமீன் நின்றது. ஹோய்ட் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் பார்த்தார். பட்டத்தரசி வந்தாள், பட்டை சிறந்த மன்னர் பலரைக் கடந்தாள், பட்டையே இல்லாதவன் கூட்டில் ஒருக்களித்துச் சாய்ந்து முட்டையிட்டாள், பிறகு திரும்பியும் பாராமல் போனாள். ஆண்டாண்டாய் ஆண்ட வம்சத்தின் அரசகுமாரி குதிரைக்காரனோடு போனதைக் கேட்ட கிழமன்னன்போல், ஹோய்ட் படித்துறையின் ஈரத்தில் அப்படியே அமர்ந்தார்.

ஆயினும் குளத்தில் மீன் வளர்ப்போர் அறிந்த போர்முறை ஒன்று எஞ்சியிருந்தது. காவல் நிற்கும் தந்தை, கூட்டில் எது விழுந்தாலும் பசியின்றியும் கவ்வும். தந்தை நீங்கினாலோ, அக்கம்பக்கத்தாரே பாய்ந்து முட்டைகளைத் தின்றுவிடுவர். ஆகவே ஒரே வீச்சில் பகைவனும் அவன் வமிசமும் அழியலாம். மடக்கு நாற்காலியில் சாய்ந்து வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்த டூயிக்கு ஹோய்ட் இதை விளக்க, பாவம் அது, பிள்ளை குட்டியோட இருக்கு என்றான் டூயி. ஹோய்ட் முள்ளில் ஒரு மண்புழுவைச் செருகினார்.

மண்புழு கூட்டின் நடுவே இறங்கிற்று. ஓடைமீன் அதைக் கவ்வியது, உண்ணவில்லை, வாசலில் கிடந்த குப்பையை எடுத்தெறிவதுபோல் வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து விசிறத் தொடங்கிற்று. மீண்டும் புழு இறங்கிற்று. மீண்டும் வெளியே போயிற்று. இவ்வாறு இட்டவரும் எடுத்தவரும் சளைக்காமல், வெயில் ஏறி, ஹோய்டின் பிடரி சிவந்து, வெர்னா சாப்பிடக் கூப்பிட வந்து இடுப்பில் கைவைத்து நிற்கும் வேளையில், கவ்விய வாய் திறப்பதற்கு முந்திய அந்த இமைப்பொழுதைக் கணித்து, வானம் பிளக்கும் மின்னலென, மத்தகம் பிளக்கும் சிங்கமென, மூட்டுவலியையும் மறந்து, மூங்கிலைச் சுண்டி இழுத்தார் ஹோய்ட்.

பகைவன் வானில் பறந்து புல்லில் விழுந்தான். அவனை வாளியிலிட்டு, வாளியைத் தலைக்குமேல் உயர்த்தி, குளத்துக்கு முதுகும் குடும்பத்துக்கு முகமும் காட்டி நின்று, நீர் கையில் வழிய அவர் நிகழ்த்திய பேருரையின் சாரம் இது: கலப்பு ஒழிந்தது; தூய்மை வென்றது; இனி இந்நீரில் பிறப்பவை யாவும் கைவண்ணரே, கைவண்ணர் தவிர வேறில்லை. உரை நீளமானது. ஆற்றின் வரலாறும் அதில் வந்தது.

“மச்சான், பேசி முடிச்சிட்டா கொஞ்சம் திரும்பிப் பாரு,” என்றான் டூயி.

ஹோய்ட் திரும்பினார். காவலிழந்த நடுக்கூட்டின் முட்டைகளை உண்ண முதலில் பாய்ந்தவர் இடப்பக்கத்துக் கைவண்ணர். அவர் தம் கூட்டை விட்டு வந்தமையால் அதை உண்ண அடுத்தவர் பாய்ந்தார். அவர் கூட்டுக்கு அதற்கடுத்தவர். இவ்வாறு சிவந்த வால்கள் மின்ன, பட்டைகள் சுழல, அரசகுலத்துத் தந்தையர் அனைவரும் ஒருவர் பிள்ளைகளை ஒருவர் உண்டு முடித்து, வயிறு உப்ப, வெறுந்தட்டுகளின் நடுவே நின்றிருந்தனர். பக்கத்தில் என்ன நடந்தாலும் தன் கூட்டைவிட்டு அகலாதிருந்த தந்தை அக்குளத்தில் ஒருவனே. அவன் வாளியில் இருந்தான்.

ஒரு மீனுக்காக எண்ணெய் காய வைக்க முடியாது என்று வெர்னா சொல்லிவிட்டதால், மத்தியானம் எல்லோரும் தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டார்கள்.