அலுமாரிக் கண்ணாடியும் பசித்த பாசியும்

ஒரு விஷயத்தைப் பற்றி அறுபது பக்கம் எழுதியவனுக்கு அது விளங்கியிருக்கும் என்று நம்புகிறவர்கள் என்னைச் சந்தித்திருக்கமாட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டத்துக்காக நான் எழுதியது குளத்துப் பாசியைப் பற்றி. வெயிலும் உரச்சத்தும் தாராளமான தண்ணீரில் சாதாரணப் பச்சைப் பாசி கொழுக்கும். நிழலும் சத்துக்குறைவும் சேர்ந்தால் வேறொரு கூட்டம் தலையெடுக்கும். அதற்கு வெளிச்சத்தில் உணவு தயாரிக்கவும் தெரியும்; போதாவிட்டால் பக்கத்தில் போகிற பற்றீரியாவைப் பிடித்து விழுங்கவும் தெரியும். (போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களைப் போல.)

அரியாலைக் குளத்துத் தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பினேன். சிலவற்றைக் கறுப்புத் துணியால் மூடினேன். யூரியா கிடைக்காததால் சிலவற்றுக்கு ஆட்டுப் புழுக்கை கரைத்து ஊற்றினேன். புழுக்கை காணாத இருட்டுப் போத்தல்களில் பொன்னிறப் பாசி துள்ளி நீந்தியது. ஆனால் வெளியிலிருந்து வரும் பரீட்சகர், அது விழுங்குவதைக் கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டார். அதைப் பார்க்காமல் அவர் திரும்பிப் போனால் எனக்கு அந்த வருஷம் பட்டம் இல்லை. அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்று அப்போது எவருக்கும் தெரியாது.

பாசியைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம் வேண்டும். மின்சாரம் இல்லை. ஆய்வுகூட ஜன்னலை மண்மூட்டைகள் முக்கால்வாசி அடைத்திருந்தன. முற்றத்தில் பெரிய கண்ணாடி பிடித்து, மீதிக் கால்வாசி இடைவெளியால் வெயிலை உள்ளே அடிப்பது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய கண்ணாடி, அக்காவின் சீதன அலுமாரிக் கதவில் இருந்தது.

"விசரா, உடைஞ்சுதெண்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு உன்ரை பாசியைத்தான் குடுக்கவேணும்!" என்றாள் அக்கா.

"உடையாது."

"அப்ப நானும் வாறன்."

சைக்கிள் கரியரில் அக்கா. அவள் மடியில், கதவிலிருந்து கழற்றிப் போர்வை சுற்றிய கண்ணாடி. பலாலி வீதியில் காற்று போர்வையை விலக்கிய அதே நேரம், இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது.

"கண்ணாடியை மூடு பிள்ளை! சிக்னல் குடுக்கிறியளெண்டு நினைக்கப்போறான்!" என்று கத்திக்கொண்டு தேத்தண்ணிக்கடையே பதுங்குகுழிக்குள் பாய்ந்தது. அக்கா கண்ணாடிமேல் கவிழ்ந்து படுத்தாள். நான் நிற்காமல் உழக்கினேன். ஹெலிகொப்டர் தன்பாட்டில் போய்விட்டது.

பரீட்சகர் ஏற்கெனவே வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுணுக்குக்காட்டியில் ஒரு துளியை வைத்துவிட்டு, முற்றத்தில் கண்ணாடியோடு நின்றவளை நோக்கி, "அக்கா, திருப்பு!" என்று கத்தினேன். அறையே பளீரென்றது.

"ஒண்டையும் காணேல்லையே தம்பி."

"அக்கா, இன்னும்!"

"இப்ப எனக்குக் கண்ணும் தெரியேல்லை" என்றார் அவர், கண்ணீரைத் துடைத்தபடி.

நான் குனிந்து பார்த்தேன். துளி காய்ந்து, பாசி வெடித்துக் கிடந்தது. நிழலில் பொத்திப் பொத்தி வளர்த்ததன் தலையில் யாழ்ப்பாணத்து மத்தியான வெயில் முழுவதையும் கொட்டியிருந்தேன். கடும் வெளிச்சம் அதற்கு ஆகாது என்று பக்கம் பக்கமாக எழுதிய அறிவாளி வேறு யாருமில்லை, நான்தான்.

பரீட்சகர் பையைத் தூக்கினார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"சேர், நீங்கள் பாக்காமல் போக நான் விடமாட்டன்." அது என் குரல்தான் என்பதை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. "அக்கா, கண்ணாடியைப் போர்வையாலை மூடு!"

"மூடினால் எப்பிடியடா வெளிச்சம் வரும்?"

"வரும், மூடு!"

மெல்லிய பருத்திப் போர்வை. இதமான வெளிச்சம் வந்தது. இருட்டுப் போத்தலிலிருந்து புதுத் துளி வைத்தேன். பரீட்சகர் பையைத் தோளில் போட்டபடியே, ஒரு கடமைக்குக் குனிந்தார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார்.

"அட, விழுங்கிறார்! முழுசா விழுங்கிப்போட்டார்!" என்று அவர் துள்ளினார். அதற்குப் பிறகு என்னை நுணுக்குக்காட்டிக்குக் கிட்டவே விடவில்லை.

பட்டம் கிடைத்தது. கண்ணாடியும் கீறல் இல்லாமல் அலுமாரிக்குத் திரும்பி, அக்காவோடு புகுந்தவீடு போனது. அக்கா இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். நான் அங்கே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் போதும், பேரப்பிள்ளைகளிடம் சொல்வாள்: "லைற்றை நிப்பாட்டுங்கோ பிள்ளையள், அப்பத்தான் உவன் சாப்பிடுவான்."

அவர்களும் நிப்பாட்டிவிடுகிறார்கள். நான் இருட்டுக்குள் மீன்முள்ளைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.