வலது பக்கம் திரும்பினால் டொக்

வண்டியை நான் வலது பக்கம் திருப்பினால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். என் மனைவி ஒக்பூன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மட்டும் கேட்காது. பத்து நாளாக எங்கள் வீட்டில் இதுதான் சண்டை.

"டொக்குனு கேட்டுச்சா?"

"இல்லையே."

"இப்போ?"

"இப்போ நீங்க கத்துனது கேட்டுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜொன்ஜு நகரப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எங்கே இருமினாலும் தூக்கத்திலேயே சொல்வேன். எனக்கா காது சரியில்லை?

"திரும்பினா சத்தம் வருதுடி."

"நீங்க என் பக்கம் திரும்பினாலும் சத்தம்தான் வருது. அதுக்கெல்லாம் நான் மெக்கானிக்கையா கூப்பிட்டேன்?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சத்தத்தால் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. வருகிற சனிக்கிழமை மாமியார் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது கோஸ் ஊறுகாய், போடும் நாள். போன வருஷம் நூற்றெழுபது கோஸ். அத்தனையையும் கழுவி, உப்புநீரில் அமுக்கி, மிளகாய் விழுது தடவி, தொட்டி தொட்டியாகச் சுமந்தேன். இரண்டு வாரம் முதுகில் பிளாஸ்திரியோடு குப்புறப் படுத்துக் கிடந்தேன். இந்த வருஷம் தலைகீழாக நின்றாலும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காரணம்தான் கிடைக்காமல் இருந்தது. அதைச் சக்கரமே கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். "வலது முன்சக்கரத்துல ஆக்சில் போயிடுச்சு. மலைப்பாதை வளைவுல சக்கரம் தனியா கழண்டு ஓடிடும். நாளைக்கு உங்க அம்மா வீட்டுக்குப் போக முடியாது."

ஒக்பூன் என் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். "சரிங்க."

அவ்வளவுதான். அந்தச் 'சரிங்க'வுக்கு நான் பயந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"என்ன சரிங்க? நான் சொல்றதை நீ நம்பவே இல்ல."

"நம்பாம என்ன? எனக்குக் கேட்கலை, அவ்வளவுதான்."

கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலை அவளே வந்தாள். "ஓட்டிக்கிட்டே கேட்டா எந்தச் சக்கரம்னு எப்படித் தெரியும்? நான் ஓட்டுறேன். நீங்க பின்சீட்டுக்குக் கீழ படுத்து, தரையில காதை வச்சுக் கேளுங்க. சத்தம் வந்தா நான் தப்புன்னு ஒத்துக்கறேன்."

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ஒக்பூன் வாயிலிருந்து வராத சொல் அது. அதைக் கேட்பதற்காக நான் கூரைமேல் படுத்துக்கூடப் போயிருப்பேன். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் மடங்கிப் படுத்தேன். ரோட்டு இரைச்சல் கேட்காமலிருக்க அவளே என் தலையோடு ஒரு போர்வையைப் போர்த்தினாள்.

வண்டி திரும்பியது. டொக்.

"கேட்டுச்சா?" என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினேன்.

"லேசா. இன்னொரு தடவை பார்ப்போம்."

லேசாவாம். எனக்கு வெறி பிடித்தது. ஒவ்வொரு வலது வளைவுக்கும் 'டொக்' வந்தது. ஒவ்வொரு 'டொக்'குக்கும் நான் கத்தினேன். நடுவில் வண்டி மேலே ஏறுவது போலிருந்தது.

"எங்கே ஏறுற?"

"ஏத்தத்துல சத்தம் நல்லாக் கேட்கும். பேசாம கவனிங்க."

கவனித்தேன். முப்பத்தெட்டு 'டொக்' எண்ணி முடித்தபோது இன்ஜின் நின்றது. குப்பென்று பூண்டு வாடை அடித்தது. போர்வையை விலக்கினேன். கண்ணாடிக்கு வெளியே சிவப்பு ரப்பர் கையுறையோடு மாமியார் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை ஏன் தரையில படுத்து வர்றாரு?"

"வழியில தூக்கம் வந்துடுச்சும்மா," என்றாள் ஒக்பூன்.

முற்றத்தில் கோஸ் மலை மாதிரி குவிந்திருந்தது. நான் தவழ்ந்து இறங்கினேன். கோபத்தில் பேச்சே திக்கியது. "வண்டி வர்ற நிலைமையிலயா இருக்கு? வழியில ஆக்சில் முறிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஆக்சில் நல்லா இருக்கு. புதன்கிழமையே மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன். சக்கரத்துக்கிட்ட இருக்கற லிங்க் ராடுங்கற கம்பி தேஞ்சு ஆடுதாம். நாலஞ்சு நாள் மெதுவா ஓட்டலாம், பயமில்லைன்னாரு. அதுவும் வலது பக்கம் இல்ல, இடது பக்கம். வலது பக்கம் திரும்பினா கனமெல்லாம் இடது பக்கம்தான் சாயுமாம்."

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து புது லிங்க் ராடை எடுத்து அவள் அண்ணனிடம் கொடுத்தாள். மச்சான் ஜாக்கியோடு தயாராக நின்றிருந்தார். அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு, முற்றத்தைச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிக் காட்டினார். ஒரு சத்தம் இல்லை. ஒரு நிசப்தத்தின் மேல் அவ்வளவு கோபம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

"அப்போ பத்து நாளா உனக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு?"

"முதல் நாளே கேட்டுச்சுங்க."

"பின்னே ஏன்டி புதன்கிழமையே மாத்தலை?"

ஒக்பூன் என் பின்னால் வந்து ஏப்ரனை இறுக்கிக் கட்டினாள். "மாத்தியிருந்தா இன்னிக்கு உங்களுக்கு முதுகு வலி வந்திருக்கும். சத்தம் இருந்தாத்தான் நீங்களா வண்டியில ஏறுவீங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாமியார் மிளகாய் விழுது தடவிய கோஸ் இலை ஒன்றைச் சுருட்டி அதில் திணித்தார். "உப்பு சரியா இருக்கா மாப்பிள்ளை?"

சரியாகத்தான் இருந்தது.