ஆமென் வராத இசைத்தட்டு

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் நான்கு தடவை சரிபார்க்கிற ஆள் நான். அந்த நல்ல பழக்கத்தால்தான் என் அக்காவின் பாட்டு உலகத்துக்குக் கிடைக்காமல் போயிற்று. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. இனி ஒப்புக்கொள்வதில் கூச்சமில்லை. (கூச்சப்பட்டாலும் வீட்டில் விடமாட்டார்கள்.)

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். கப்பலில் எது ஏறினாலும் இறங்கினாலும் அதற்கான காகிதத்தில் என் கையெழுத்து இருக்கும். வயது இருபத்திரண்டு. துறைமுகமே என் பேனாவை நம்பித்தான் நடக்கிறது என்று நினைப்பு.

வீடு நாசரேத் பக்கம். அக்கா கிரேஸ் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் கோயில் பாடகர் குழுவில் தனிப்பாட்டு என்றால் அவள்தான். அவளே மெட்டுப் போட்ட ஒரு பாட்டு உண்டு. அதை அவள் எடுத்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் ரயில்வே உத்தியோகம்.

“அங்கன ஒருத்தருக்கும் நான் பாடுவேன்னு தெரியாதுலே,” என்றாள் ஒருநாள். “புதுசாப் போற எடத்துல, நான் நல்லாப் பாடுவேன்னு நானேவா சொல்லிக்கிட முடியும்? ஒரு இசைத்தட்டு இருந்தா போட்டுக் காட்டிரலாம்.”

கேட்டது அவ்வளவுதான். அவள் எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. “நான் போட்டுத் தாரேன்க்கா,” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சொந்தமாக ஒலிநாடா அனுப்பினால் இசைத்தட்டு அடித்துக்கொடுக்கிற தொழிற்சாலை ஒன்று வடக்கே இருந்தது. எழுதிக் கேட்டேன். சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஏழு நிமிடம் என்று பதில் வந்தது. முதல் பக்கம் அக்காவின் தனிப்பாட்டு, ஐந்து நிமிடம். மறுபக்கம் பாடகர் குழு. அசனப் பண்டிகையன்று வெளியீடு. (ஊரே கோயில் வளாகத்தில் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற திருநாள் அது.) அடுத்த வாரம் அக்கா கல்யாணம்.

பழுதாகித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்ற ஒரு கப்பலின் ரேடியோ ஆபீசரிடம் டேப் ரெக்கார்டரும் இரண்டு ஸ்பூல் நாடாவும் இரவல் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை கோயிலில் அக்காவை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, மிஷின் ஓடுகிறதா பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தினேன். ஓடியது. அப்போதுதான் கமிட்டித் தலைவர் ஞானமுத்து சார் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற எட்மாஸ்டர்.

“என்னடே, ஜெபம் பண்ணாமலா ஆரம்பிக்கிய?”

எங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் சைக்கிள் வாங்கினாலும் ஜெபம் இல்லாமல் கிடையாது. சார் நேரே மைக்கிடம் வந்து கண்ணை மூடினார். எல்லோரும் மூடினோம். மிஷினை அமத்தி நிறுத்தினால் ‘டக்’கென்று சத்தம் வரும், ஜெபத்துக்கு நடுவில் அந்தச் சத்தத்தைக் கிளப்ப யாருக்குத் தைரியம்? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சார் ஜெபம் ராகமாக இருக்கும். அன்று அவர் ஒன்றையும் விடவில்லை. மின்சார வாரியத்தை ஆசீர்வதித்தார், கரண்ட் போகக்கூடாது என்பதற்காக. ஸ்பூலைக் கொண்டுபோகிற ரயிலையும் அதன் டிரைவரையும் ஆசீர்வதித்தார். ஏழு நிமிடத்துக்கும் மேலே. அதன் பிறகுதான் அக்கா பாடினாள், ஒரே மூச்சில், ஒரு பிசிறு இல்லாமல். குழுப்பாட்டை இரண்டாவது ஸ்பூலில் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து, நாடாவில் ஜெபம் இருக்கிற பகுதியை வெட்டி எடுக்க பிளேடும் கையுமாக உட்கார்ந்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏலே, ஜெபத்தையா வெட்டுதே? கை வெளங்குமா?”

பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். சரி, தொழிற்சாலைக்கு ஒரு வரி எழுதுவோம் என்று பேனாவை எடுத்தால், ‘ஜெபத்தை நீக்கவும்’ என்று என் கையாலேயே எழுதுவதும் பாவமாகத் தோன்றியது. பாட்டு எது, ஜெபம் எது என்று தெரியாதவனா தட்டு அடிக்கிறான்? ‘முதல் பக்கம்: முதல் ஸ்பூல்’ என்று மட்டும் படிவத்தில் எழுதி அனுப்பினேன். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பதும், சார் ராகத்துக்குப் பாட்டே தோற்றுவிடும் என்பதும் என் மண்டைக்கு எட்டவில்லை.

தட்டின் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதம் மாதிரிக்கு வந்தது. ‘தனிப்பாடல்: செல்வி கிரேஸ், பி.ஏ., பி.டி’ என்றிருந்தது. கடைசிப் புள்ளியைக் காணோம்! சிவப்பு மையில் சுழித்து, ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதமும் எழுதினேன். அத்தனை கவனம்.

அப்புறம் மாதிரித் தட்டு ஆபீசுக்கே வந்தது, எங்கள் ஸ்பூல்களோடு. ‘கேட்டுப் பார்த்து உடனே தந்தி கொடுக்கவும்’ என்று சீட்டு. எனக்குத் தெரிந்து ரெக்கார்டு பிளேயர் இருந்தது ஞானமுத்து சார் வீட்டில்தான். ஊருக்குப் போகிற சனிக்கிழமை வரை காத்திருந்தால் அசனத்துக்குத் தட்டு வராது. ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் சோதித்தேன். பெட்டி நனையவில்லை. மூலை நசுங்கவில்லை. தட்டில் கீறல் இல்லை, விரிசல் இல்லை, நடுவில் ஓட்டை இருக்கிறது. புள்ளியும் இருக்கிறது. சரக்கு நல்ல நிலையில் உள்ளது.

மேனேஜர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “கேட்டுட்டியாடே?”

“எல்லாம் பாத்தாச்சு, அண்ணாச்சி.”

“பாட்டைப் பாத்தியாக்கும்?” என்று சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். தந்தி கொடுத்தேன். இரவல் பொருளை வைத்திருக்கலாமா என்று அன்றைக்கே ஸ்பூல்களை ரேடியோ ஆபீசரிடம் சேர்த்தேன். இரண்டு நாளில் கப்பல் போய்விட்டது. அவ்வளவு நாணயஸ்தன் நான்.

அசனம். முதல் பந்திக்கு ஜெபம் முடிந்து, இலையில் சோறு விழுந்து, ஆட்டுக்கறிக் குழம்பும் ஊற்றியாயிற்று. சபைப் பாதிரியார் ஐயர் தட்டை வெளியிட, மைக்செட்காரர் ஊசியை வைத்தார். ஆர்மோனியம் கேட்கும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“எங்கள் பரம பிதாவே…”

பந்தியில் இருந்த அத்தனை பேரும் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே கண்ணை மூடினார்கள். வாய்க்குப் பாதி தூரம் போன கவளங்கள் அங்கேயே நின்றன. மைக்செட்காரர்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பின்னே நிறுத்துவது யார்? ஒலிபெருக்கியில் மின்சார வாரியம் வந்தது. ரயில் வந்தது. டிரைவர் வந்தார். அவருக்குப் பின்னால் அக்காவின் குரல், அடித்தொண்டையில், ஆனால் தெள்ளத்தெளிவாக:

“ஏலே, மிஷின் ஓடுதுலே. அமத்து.”

மூடிய கண்ணோடு முந்நூறு தோள்கள் குலுங்கின. சார் ஜெபம் மட்டும் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. “இந்தப் பிள்ளை பாடப்போகிற இந்தப் பாடலை…” என்று வந்தபோது சத்தம் தேய்ந்து, தேய்ந்து, நின்றே போயிற்று. ஏழு நிமிடம் முடிந்துவிட்டது.

ஆமென் வரவில்லை. ஆமென் இல்லாமல் எங்கள் ஊரில் கண்ணைத் திறப்பது எப்படி? பந்தி அப்படியே இருந்தது. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஞானமுத்து சாரே கைகட்டி, தன்னுடைய ஆமெனுக்காகத் தானே காத்துக்கொண்டு நின்றார்.

“ஆமென்!”

குழம்பு வாளியோடு பெண்கள் பந்தியில் நின்ற அக்காதான் சொன்னாள். “ஆமென்!” என்று ஊரே இரைந்துவிட்டுச் சோற்றின் மேல் பாய்ந்தது.

வாளியால் என்னை அடிக்க வருகிறாள் என்று அண்டாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கிடம் போய், அந்தப் பாட்டை முதலிலிருந்து முழுசாகப் பாடினாள். யாரும் இலையைத் தொடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அண்டாவுக்குப் பின்னால் நின்று அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு எந்த மிஷினும் ஓடவில்லை.

தட்டுகள் என்னவோ முழுக்கத் தீர்ந்துவிட்டன. “எஞ் ஜெபத்தைத் தட்டுல ஏத்திட்டியேடே,” என்று ஞானமுத்து சார் என் கையைப் பிடித்துக் கண்கலங்கி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தார். அக்காவும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் நாக்பூர் போனாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அங்கே போய் அதைப் போட்டும் காட்டியிருக்கிறாள். பாட்டு என்று போட்டதில் ஜெபம் ஏன் வருகிறது என்று வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தான் மட்டும் சிரித்துச் சிரித்துப் புரையேறினாராம். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் ஜெபத்தை நீட்டினாலும், யார் கதை வளர்த்தாலும் அந்த ஒரே வரிதான். இப்போது அக்காவுக்குத் தொண்டை போய்விட்டது, பேச்சே கரகரப்புத்தான். அவள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. ஆனால் நான் போனில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை சுத்தமாகச் சொல்லும்: “ஏலே, மிஷின் ஓடுதுலே. அமத்து.”

ராகம் கூட மாறாமல், இருபத்துநாலு வயதுக் கிரேஸ் சொன்ன அதே மாதிரி. தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் படித்ததாம்.