மூன்று பாகம் ஆழத்தில் ஓர் அலுவலகம்

படகு எங்கே நிற்கிறது என்பதைப் படகைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் அநாகரிக வழக்கம் எங்கள் துறைமுகத்தில் வெகுகாலம் இருந்துவந்தது. சென்ற வருஷம் மீன்வளத் துறை அதை ஒழித்தது. இனி எல்லாப் படகிலும் ஜிபிஎஸ் கருவி இருக்க வேண்டும். அது காட்டும் இடம்தான் படகு இருக்கும் இடம். கருவியோடு கூடவே வரும் வரைபடம் மட்டுமே செல்லும், பிறகு வாங்கிச் செருகும் கார்டில் உள்ளது செல்லாது என்று உத்தரவு. கருவிகளை விற்று மாட்டிக் கொடுப்பவன் நான். ஆகவே உத்தரவை மனமார வரவேற்றேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். கருவிக்குள் இருந்த வரைபடம் துறைமுகம் வருவதற்கு முன்னால் போட்டது. துறைமுகம் கட்டியவர்கள் பழைய உப்பளத்தைத் தோண்டிப் படகுகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். தோண்டிய மண்ணைப் பக்கத்துக் கடலில் கொட்டி மேடாக்கினார்கள். அந்த மேட்டில்தான் மீன்வள அலுவலகம், என் கடை, கடை மாடியில் என் வீடு எல்லாம் இருக்கின்றன. கார்டைச் செருகினால் இத்தனையும் சரியாகத் தெரியும். ஆனால் கார்டு செல்லாதே.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மச்சான் கடைக்குள் நுழைந்து ஒரு கடிதத்தை என் முன்னால் போட்டான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, சொந்தப் படகு வைத்திருப்பவன். கடிதம் இப்படி இருந்தது: "தங்கள் படகு மீன்பிடித் தடைக்காலமான கடந்த இரண்டு மாதங்களாக உப்பளத்தில் நிறுத்தப்பட்டிருப்பது கருவியின் மூலம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளதால், தங்கள் மீன்பிடி லைசன்ஸைப் புதுப்பிக்க இயலாது என வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது."

"திங்கக்கிழமை தடைக்காலம் முடிஞ்சு எல்லாரும் கடலுக்குப் போறாங்க அத்தான். வலையெல்லாம் ஏத்தியாச்சு. நான் மட்டும் கரையில நின்னு கையாட்டணுமா?"

மாடிப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கருவியை மாட்டினது யாரு? அவரே போய் லைசன்ஸ் வாங்கிட்டு வரட்டும். வாங்காம வீட்டுக்கு வர வேண்டாம்."

கார்டின் அருமையை அதிகாரிக்கு விளக்கலாம் என்று கார்டு செருகிய ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். இருவரும் போனோம்.

அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அதன் வழியே மச்சானின் நீலப் படகு தண்ணீரில் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"அதுதான் சார் என் படகு. மிதக்குது பாருங்க," என்றான் மச்சான்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "நல்ல படகு. தினமும் பார்க்கிறேன். ஆனா அது என் சொந்தப் பார்வை. அதை ஃபைல்ல வைக்க முடியாது."

"உப்பளத்துல படகு எப்படி சார் மிதக்கும்?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம். விளக்கம் எழுதிக் குடுங்க."

எழுத்தர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "படகைக் கடலுக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டு மறுபடி மனு போடுங்களேன்."

"லைசன்ஸ் இல்லாத படகை நகர்த்தக் கூடாதுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே," என்றான் மச்சான்.

"ஆமாமா. நகர்த்தாம கொண்டுபோங்க."

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. என் கையிலிருந்த கருவியைப் பிடுங்கினான். கார்டை உருவி என் சட்டைப் பையில் போட்டான். கருவியை ஜன்னலோரம் வைத்து ஆன் செய்தான். திரை முழுக்க நீலம். நடுவில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில், ஆழம் மூன்று பாகம், அதாவது மூன்று ஆளை ஒருவர் மேல் ஒருவராக நிறுத்தலாம்.

"சார், நீங்க கடல்ல இருக்கீங்க," என்றான் மச்சான். "உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா?"

எழுத்தர் சத்தமில்லாமல் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அதிகாரி வெட்கப்படுவார் என்று நான் நினைத்தது என் அனுபவக் குறைவு. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் ரசித்தார்.

"கடல்ல பதினஞ்சு நாள் வேலை செஞ்சா எத்தனை நாள் கரை ஓய்வு?" என்று எழுத்தரைக் கேட்டார்.

"பதினஞ்சு நாள் சார். விதி நாப்பத்திரண்டு."

"நாம இங்க எத்தனை வருஷமா இருக்கோம்?" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். பிறகு மச்சானிடம் மிக மரியாதையாகத் திரும்பினார். "கடலுக்குள்ள இருக்கிற எங்களை நேர்ல வந்து பார்த்திருக்கீங்க. எப்படி வந்தீங்க?"

"நடந்துதா..." என்று ஆரம்பித்தவனின் தொடையில் கிள்ளினேன்.

"படகுலதான் சார் வந்தோம்," என்றேன்.

"அப்போ படகு கடல்லதான் இருக்கு. முதல்லயே சொல்லியிருக்கலாமே." முத்திரை விழுந்தது. திங்கட்கிழமை மச்சான் முதல் ஆளாகக் கடலுக்குப் போனான். போகும்போது கார்டைச் செருகிக்கொண்டுதான் போனான். மீனுக்கு உத்தரவெல்லாம் தெரியாதில்லையா. மற்ற படகுக்காரர்களும் தங்கள் லைசன்ஸைப் புதுப்பிக்கும் முறை வந்தபோது அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லி லைசன்ஸ் வாங்கினார்கள்.

அலுவலகத்தில் இப்போது எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு குனிய முடியாததால் கீழ்த்தட்டு ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. மாதத்தில் பதினைந்து நாள் கதவு பூட்டியிருக்கும். "ஊழியர்கள் கரைக்குச் சென்றுள்ளனர்" என்று அட்டை தொங்கும்.

போன மாதம் தலைமையகத்திலிருந்து திருத்திய வரைபடம் வந்தது. எல்லாக் கருவிகளிலும் அதை ஏற்றும் வேலை என்னுடையது. அன்றைக்கே அதிகாரி கடைக்கு வந்து, அவசரமில்லை என்றார். மச்சானும் வந்தான். "பாதி மாசம் ஆபீஸ் பூட்டியிருந்தா எங்களுக்குப் பாதி மாசம் நிம்மதி அத்தான்." நானும் யோசித்தேன். கடலுக்குள் இருக்கும் கடைக்கு நகராட்சி ஆய்வாளர் எப்படி வருவார்? மூவரும் ஒருமனதாக அந்த வரைபடத்தை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினோம்.

படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட என் மனைவி இறங்கி வந்தாள். அதிகாரியிடம் விதி நாற்பத்திரண்டின் நகல் ஒன்று கேட்டாள். அவரும் பெருமையோடு கொடுத்தார்.

"மாடி வீடும் இதே மண்ணுமேலதானே? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நான் கடல்லதான் சமைச்சிட்டிருக்கேன்," என்றாள் என்னிடம். "கிளம்புடா தம்பி, அம்மா வீட்டுக்குப் போவோம்."

நகலை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இன்று நாலாவது நாள். மூன்று பாகம் ஆழத்தில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.