டெலிபோனில் கூவிய சினிமாக் கொட்டகை

நாம் சொன்னது தப்பென்று ஆகிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. சொன்னது சரியென்று ஆகி, அப்படியும் நாலு பேர் சிரித்தால் அதற்கு மருந்தே கிடையாது. எனக்கு வாய்த்தது இரண்டாவது வகை. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்னொருவர் ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

யுத்தம் முடிந்த சமயம். தென்காசி மின்சார ஆபீசில் நான் புது சூப்பர்வைசர். (புது என்றால், ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் ஊருக்கே தெரிகிற மாதிரி செருகிக்கொள்ளும் அளவுக்குப் புது.) சீசனுக்காகக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்த ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் புகார் செய்தார். சாயங்காலமானால் டெலிபோனில் ‘ஙொய்ய்’ என்று ஒரே சத்தமாம். மதுரையிலிருந்து மகள் பேசுவது காதில் விழவில்லையாம். டெலிபோன்காரர்கள், எல்லாம் கரண்ட் கம்பியால் வந்த வினை என்று கையை விரித்துவிட்டார்கள்.

எங்கள் இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டு, “கண்டுபிடிச்சிட்டு வாரும். கண்டுபிடிக்காம வராதேயும்” என்றார்.

தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் வரை கரண்ட் கம்பங்களும் டெலிபோன் கம்பங்களும் ஒட்டினாற்போலப் போகும். சாரலில் நனைந்தபடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. கம்பத்துப் பீங்கான்களைத் துடைக்கச் சொன்னேன். மரக்கிளைகளை வெட்டச் சொன்னேன். அரிசி மில்லைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, மில்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஜட்ஜ் வீட்டுக்குப் போய் ரிசீவரைக் காதில் வைத்தால் ‘ஙொய்ய்’. வைத்துவிட்டுத் திரும்புவேன். ராத்திரி படுத்தாலும் காதுக்குள் அதே ‘ஙொய்ய்’.

ஒரே ஒரு நாள் மட்டும் சத்தம் இல்லை. விசாரித்தேன். அன்றைக்குப் படப்பெட்டி ரயிலில் வந்து சேராததால் தென்காசிக் கொட்டகையில் ஆட்டம் ரத்து.

எனக்குப் பொறி தட்டியது. கொட்டகையில் படம் காட்டும் விளக்குக்கு ஏசி கரண்டை டிசியாக மாற்றித் தர, பாதரசக் குடுவை வைத்த ரெக்டிஃபையர் ஒன்று புதிதாக வந்திருந்தது. கரண்ட் என்பது ஊஞ்சல் மாதிரி சீராகப் போய்வர வேண்டும். அந்தக் குடுவையோ அதை மடக் மடக்கென்று விட்டுவிட்டுக் குடிக்கும். அதனால் ஊஞ்சலாட்டத்தின் மேல் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில் சில்லறை நடுக்கங்கள் ஏறிக்கொள்ளும். ஹார்மோனிக்ஸ் என்று அதற்குப் பெயர். அந்த நடுக்கம் பக்கத்து டெலிபோன் கம்பியிலும் தொற்றிக்கொண்டு காதைக் குடையும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நேரில் அகப்பட்டது அதுதான் முதல் தடவை.

கொட்டகை முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

“என் மிசினு தென்காசியில கெடக்கு. ஜட்ஜய்யா காது குத்தாலத்துல கெடக்கு. ரெண்டுக்கும் என்னவே சம்பந்தம்?” என்றார்.

“ரெண்டு நிமிசம் அணைச்சுப் பாத்தா தெரிஞ்சிரும் அண்ணாச்சி.”

“படம் ஓடும்போதா?”

“ஓடும்போது அணைச்சாத்தான தெரியும்!” என்றேன். (எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா!)

அண்ணாச்சி அரைமனசாகச் சம்மதித்தார். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு இன்ஜினீயர் ஜட்ஜ் வீட்டில் ரிசீவரோடு உட்கார்ந்திருப்பார். நான் இங்கே ஸ்விட்சை இழுப்பேன் என்று ஏற்பாடு. கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டோம். படத்தில் அப்போது என்ன நடக்கும் என்று யாரும் பார்க்கவில்லை.

ஏழு மணிக்குக் கதாநாயகி விஷக் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. நான் ஸ்விட்சை இழுத்தேன். படம் மறைந்தது. ஆனால் சத்தத்துக்குத் தனி லைன். “வேண்டாம்மா, குடிக்காதே!” என்று இருட்டுக்குள் ஒரு குரல் கதறியது. கிண்ணம் உருண்டது. குடித்தாளா, கொட்டினாளா? யாருக்கும் தெரியவில்லை. ஆபரேட்டர் பதறிப்போய் மெஷினையே நிறுத்திவிட்டார்.

“ஏலே, எவம்லே வெளக்க அணைச்சது?” என்று பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது.

ரெண்டு நிமிஷம் கழித்துத் திரும்பவும் ஸ்விட்சைப் போட்டேன். போட்ட வேகத்தில் ஃபியூஸ் போயிற்று. பெஞ்சுகள் கவிழ ஆரம்பித்தன. கொட்டகையைக் காப்பாற்ற அண்ணாச்சிக்கு ஒரே வழிதான் தெரிந்திருக்கிறது. டார்ச் லைட்டை என் முகத்தில் அடித்து, “இந்தா நிக்காவ கரண்ட் ஆபீஸ்காரவ! இவுககிட்ட கேளுங்க!” என்றார்.

கேட்டார்கள். என் சட்டையில் ஒரு கை மட்டும் மிஞ்சியது.

அந்த வெளிச்சத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டவர் மேலகரத்து விவசாயி ஒருவர். வெள்ளிக்கிழமை அவர் மகளைத்தான் நான் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. என் போட்டோ முன்பே அவர் வீட்டுக்குப் போயிருந்தது. “அய்யய்யோ, இது நம்ம மாப்ளைல்லா!” என்று அலறினார். (அடி நிற்கவில்லை.)

மறுநாள் இன்ஜினீயர் துள்ளிக்கொண்டு வந்தார். “அணைச்சதும் தொடச்ச மாதிரி சத்தம் போயிட்டுவே! நீர் சொன்னதுதான் சரி!” உதடு வீங்கியிருந்ததால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ரெக்டிஃபையரோடு சோக்கும் கண்டென்சரும் சேர்த்து, அந்த நடுக்கங்களை அங்கேயே வடிகட்டினோம். ஜட்ஜ் மகளோடு ஆசைதீரப் பேசினார். என்னோடு யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரமாட்டேன் என்றேன். அம்மா இழுத்துக்கொண்டு போனாள். பெண்ணின் அப்பா மரியாதைக்கு, “எதுக்கு அணைச்சீய?” என்று கேட்டார். விடுவேனா? ஊஞ்சல், குடுவை, நடுக்கம் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். கதவோரம் நின்ற பெண் முழுக்கக் கேட்டாள். பிறகு மெல்ல அப்பாவைக் கேட்டாள்.

“இடைவேளை விடுதாவல்லா? அப்பம் அந்த வெளக்கு எரியுமாப்பா?”

அவர் என்னைப் பார்த்தார். “எரியாது” என்றேன்.

“அப்பம் போன்ல சத்தம் நிக்குதான்னு அந்த நேரத்துல கேட்டிருக்கலாம்லா?”

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தட்டிலிருந்த கேசரியைப் பார்த்தேன். (ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவேளை விடுகிறார்கள். நான் சாரலில் நனைந்த அத்தனை சாயங்காலமும் விட்டிருக்கிறார்கள்.) முதலில் சிரித்தது என் அம்மாதான்.

அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். பதில் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்கிற ஆளாக இருக்கிறாரே என்றுதான் சம்மதித்தாளாம். இன்றைக்கும் நான் அவசரப்பட்டு எதில் கை வைத்தாலும், அது அடுப்பில் கொதிக்கிற குழம்பானாலும் சரி, பேரப்பிள்ளைகள் வரை சொல்கிறார்கள்: “தாத்தா, இடைவேளை வரட்டும்!”

வீடே சிரிக்கிறது. நான் கையை எடுத்துக்கொள்கிறேன்.