ரெண்டு மணி அண்ணாச்சியும் மொட்டைப் பாறையும்

மலையேறும் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு, மூன்று வருடம் மலையேறி, ஒரு தடவைகூட உச்சியைத் தொடாமல் திரும்பிய கூட்டம் உலகத்தில் ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில், எங்கள் கல்லூரியில் இருந்தது. இந்தச் சாதனையை நாங்கள் தனியாகச் செய்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் எங்களைப் பத்திரமாகத் தோல்வியடைய வைத்தவர் ரெண்டு மணி அண்ணாச்சி.

அண்ணாச்சி பேராசிரியர் இல்லை. விளையாட்டுச் சாமான் அறைக்கு அட்டெண்டர். பந்துக்குக் காற்றடிப்பது உத்தியோகம். குழுவுக்குக் காகிதத்தில் ஒரு விரிவுரையாளர் பொறுப்பாக இருந்தார். அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு இளைக்கும். ஆகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சிதான் எங்கள் பன்னிரண்டு பேரை வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோவார்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கே நின்றாலும் சரி, திரும்பிவிட வேண்டும். இருட்டுமுன் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இது அவர் சட்டம். கைக்கடிகாரம் கிடையாது என்பதால் வீட்டு அலாரம் டைம்பீஸை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவர் தெருவில் ஓடும் தறிகளின் சத்தத்துக்கு நடுவிலும் ஆளை எழுப்ப வேண்டும் என்று பார்த்து வாங்கியது. ரெண்டு மணிக்கு அது போடுகிற கூச்சலில் குரங்குகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலைக்கே குடிபோய்விடும்.

கிளம்புமுன் எல்லார் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுவார். பேனா ஒழுகும். ஒவ்வொரு பெயரையும் எழுதி, காயட்டும் என்று ஊதிவிட்டுத்தான் அடுத்த பெயர். பிறகு அந்த நோட்டை அடிவாரத்து டீக்கடையில் கொடுத்து, ஏழு மணிக்குள் நாங்கள் வரவில்லை என்றால் வனத்துறை ஆபீசுக்கு ஆளனுப்பச் சொல்லுவார். ஆளுக்கு ஒரு விசில். மூன்று தடவை ஊதினால் ஆபத்து. பிஸ்கட் டப்பாவில் டிங்சர், பஞ்சு, துணிக்கட்டு, சங்கரநாராயணர் கோவில் புற்றுமண் ஒரு பொட்டலம்.

பாம்பு கடித்தால் இதில் எதைப் போடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மண்ணை நெத்தியில பூசிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவேன். ஏலே, நீ மட்டும் கடி வாங்கிராத. உன்னை எவன் தூக்க?"

என் உடம்பு அப்படி. புளியோதரைக்கும் எனக்கும் இருந்த நட்பின் விளைவு. குழுவிலேயே மெதுவாக நடப்பவன் நான்தான். மெதுவாக நடப்பவன்தான் முன்னால் போக வேண்டும் என்பது அண்ணாச்சியின் இன்னொரு சட்டம். அவனைப் பின்னால் விட்டால் காட்டில் தொலைந்துபோவானாம். ஆகவே பன்னிரண்டு பேருக்கும் நானே முன்னோடி. மூன்று வருடம் நாங்கள் உச்சியைத் தொடாததன் ரகசியம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு முறை கட்டெறும்புப் புற்றில் உட்கார்ந்துவிட்டு மூன்று விசில் ஊதினேன். அண்ணாச்சி கயிறும் டப்பாவுமாக, முட்டி சிராய்க்க ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் மற்றவர்கள் புரண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எறும்பும் ஆபத்துதாம்லே. ஊதுனது சரிதான்" என்று சொல்லிவிட்டு என் வேட்டியை உதறிக் கொடுத்தார்.

கல்லூரித் தாளாளருக்குத் திடீரென்று மலைமேல் ஆசை வந்தது. மொட்டைப் பாறை என்று நாங்கள் சொல்லும் உச்சியில் கல்லூரிக் கொடியோடு நின்று படம் எடுத்துப் பேப்பரில் போட வேண்டும். போட்டோக்காரரோடு அடிவாரத்துக்குக் காரில் வந்து இறங்கினார். அண்ணாச்சி நோட்டை நீட்டிப் பெயர் கேட்டார்.

"என் பேரு ஊருக்கே தெரியும்வே" என்றார் தாளாளர்.

"மலைக்குத் தெரியாதுல்லா ஐயா."

தாளாளர் நோட்டை ஒதுக்கிவிட்டு நடந்தார். இரண்டடியில் அவருக்கு முன்னால் நான் நிறுத்தப்பட்டேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் பசித்தது. கடைசியாக மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தபோது மொட்டைப் பாறை எதிரே நின்றது. இன்னும் கால் மணி நேர ஏற்றம்தான். தாளாளர் தலை சீவிக்கொண்டார். மஞ்சள் பை அலறியது.

அண்ணாச்சி பைக்குள் கையை விட்டு டைம்பீஸை நிறுத்தினார். "திரும்பலாம் மக்கா."

"என்னவே இது? உச்சி அந்தா தெரியுது."

"தெரியுது ஐயா. அடுத்த மாசமும் தெரியும்."

"நீரு இப்பத் திரும்பினீருன்னா நாளைக்கு இந்தக் குழு இருக்காது. சொல்லிட்டேன்."

"சரிங்க ஐயா" என்றார் அண்ணாச்சி. "இன்னைக்கு இருக்குல்லா."

தாளாளர் எங்களைப் பார்த்தார். படத்தில் நிற்க விரும்புகிறவர்கள் தன்னோடு வரலாம், கீழே போகிறவர்கள் தன்னை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். யாரும் அசையவில்லை. எல்லாரும் முன்னால் நின்ற என்னையே பார்த்தார்கள். திரும்புவதென்றால் முன்வரிசை பின்வரிசையாகிவிடும். மெதுவானவன் மறுபடி முன்னால் வர வேண்டுமே. நான் அத்தனை பேரையும் தாண்டி வரிசையின் மறுமுனைக்கு நடந்தேன். கொள்கைப் பிடிப்பு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இறங்குவது சுலபம். ஆனால் நான் நடந்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பதினொரு பேரும் எனக்குப் பின்னால் கீழ்நோக்கி நின்றார்கள்.

தாளாளரும் போட்டோக்காரரும் மட்டும் மேலே போனார்கள். அன்றைக்கு மழை கொட்டி, யானை வந்து, அண்ணாச்சி கயிறு போட்டு அவர்களைக் காப்பாற்றினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எங்களைக் காட்டு வாசலில் கொண்டுவந்து விட்ட அண்ணாச்சி, அங்கேயே ஒரு கல்லில் டார்ச்சும் கயிறுமாக உட்கார்ந்துகொண்டார். பொழுது மசங்கும் நேரத்தில் இருவரும் படம் எடுத்த களிப்போடு இறங்கி வந்தார்கள்.

"பாத்தீரா? ஒண்ணும் ஆகலை" என்றார் தாளாளர்.

"அதுதான ஐயா வேணும்" என்று சொல்லிவிட்டு, கார் வரைக்கும் டார்ச் அடித்துக் காட்டினார்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் குழு கலைக்கப்பட்டது. கயிறு, டார்ச், விசில், டப்பா, நோட்டு எல்லாம் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி பெயரில் யாராவது மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போனால் வேலை போகும். போகிற மாணவனுக்கு டி.சி. நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்ததால் அண்ணாச்சி என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"காலேஜ் பேர்லன்னுதான போட்டிருக்கு?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் சரி. நாம யாரு பேரையும் சொல்லாண்டாம். ஞாயித்துக்கிழமை முதல் பஸ்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு டி.சி.யை நினைத்தேன். அப்பாவின் கையை நினைத்தேன். போவதில்லை என்று முடிவு செய்து, குப்புறப் படுத்தேன். பிறகு, நான் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் வேகமாக நடந்து உச்சியைத் தொட்டுவிடுமே என்ற கவலையில் எழுந்து ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் வாசுதேவநல்லூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படிக்கட்டில் ஒரு கால், தரையில் ஒரு காலாக அண்ணாச்சி நின்றுகொண்டு, பஸ்ஸை எடுக்க விடாமல் கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் பைக்குள் டிக் டிக் என்று கேட்டது. உள்ளே பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாலே, ஏறு" என்று புது நோட்டை என் கையில் திணித்துவிட்டு, சீட்டுப் பிடிக்கப் போனார்.

பிரித்தேன். மற்றவர்கள் பெயரெல்லாம் அப்போதுதான், ஊதக்கூட நேரமில்லாமல் எழுதியது. விரல் பட்டதும் ஈரமாக இழுபட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பெயராக, என் பெயர். அதன் மை நன்றாகக் காய்ந்திருந்தது.